பார்த்துப் பார்த்துக் கட்டின கவிதை



பரீட்சை நேரம் வந்தால் 'நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா' என்று பிள்ளைகள் ஒப்பிக்கும் சத்தம் நம் வீடுகளில் கேட்கும். மார்க்குக்காகப் படிக்கிறார்கள். அதே புத்தகத்தில் ஒரு சின்னப் புதுக்கவிதை வந்தால், 'இதில் யாப்பு கிடையாது' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

யாப்பு இல்லையென்றால் ஓசையுமா இல்லை?

தேனி, கம்பம் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். 'பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு' என்பார்கள். அலகிட்டால் தேமா, தேமா, கூவிளம், தேமா. நாலு சீர், அசல் அகவல் நடை!

ஒரு 'பார்த்து'வை எடுத்துவிடுங்கள். 'பார்த்துக் கட்டின வீடு.' நகையை அடகு வைத்தது, ஏலக்காய் விலை ஏறட்டும் என்று காத்திருந்தது, கொத்தனார் பக்கத்திலேயே நின்றது எல்லாம் காணாமல் போகிறது. அத்தனை பாடும் அந்த இரண்டாவது 'பார்த்து'வில்தான் இருந்தது.

'காடு கரை' என்கிறோமே, அது மோனை. 'அக்கம் பக்கம்' எதுகை. நம் பேச்சிலேயே ஊறிய ஓசை, புதுக்கவிதையில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? ஆறே வரிக் கவிதையில் ஒரு சொல் இரண்டு தடவை வந்தால், இடையில் அதன் பொருள் மாறியிருக்கலாம். எதுகையே இல்லாத கவிதையில் ஓரிடத்தில் மட்டும் எதுகை விழுந்தால், அங்கே நின்று கவனிக்க வேண்டும்.

இப்படி அலசிப் படிக்கத் தமிழ் வாசகர்களைப் பழக்கியவர் சி.சு. செல்லப்பா. அந்தச் 'சி' நம் சின்னமனூர்தான். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தார். 1962-ல் 24 கவிஞர்களைச் சேர்த்து 'புதுக்குரல்கள்' தொகுப்பு கொண்டுவந்தார். பின்னாளில் புதுக்கவிதையில் பெயர் பெற்ற இருவரும் நம் பக்கத்தவர்களே: மு. மேத்தா பெரியகுளத்துக்காரர், நா. காமராசன் போடிப் பக்கத்தவர்.

அலசினால் ரசனை போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். கவாத்து செய்யத் தெரிந்தவருக்குத் திராட்சை இனிக்காமலா போகிறது?

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு சின்னக் கவிதையை இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'எந்தச் சொல் திரும்ப வருது? ஏன் வருது?' பிள்ளை சொல்லும் பதிலை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்