பழைய பொருளின் விலையை யார் தீர்மானிப்பது?

சம்பள நாளையொட்டிய வார இறுதிகளில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய நகரங்களைச் சூழவுள்ள தோட்டங்களின் லயன்களுக்கு இரு வகையான வியாபாரிகள் வந்து செல்கின்றனர். புடைவை முதல் மின்சாதனங்கள் வரை புதிய பொருட்களைத் தவணை முறையில் கொடுப்பவர்கள் ஒரு சாரார். பழைய இரும்பு, போத்தல், பத்திரிகை, பிளாஸ்டிக், பழுதடைந்த தொலைக்காட்சி போன்றவற்றை வாங்கிச் செல்பவர்கள் மறு சாரார். புதிய பொருளைக் கொடுப்பவர் தமது விலையைச் சொல்லிக் கொடுக்கிறார். பழைய பொருளை எடுப்பவரும் தமது விலையைச் சொல்லியே எடுக்கிறார். வாங்கும்போதும் விற்கும்போதும் விலை சொல்லும் உரிமை தொழிலாளியிடம் இல்லை என்பது சப்ரகமுவ தோட்டப்புறங்களில் நாளாந்தம் நடைபெறும் ஒன்றாகும்.

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பொருட்களை எவ்வாறு நல்ல விலைக்கு விற்பது என்பது நகரத்தில் வசிப்பவருக்குச் சிறிய கேள்வியே. விளம்பரம் செய்கிறார், அயலவரிடம் சொல்கிறார், விலை சரிவராவிட்டால் அடுத்த மாதம் வரை காத்திருக்கிறார். தோட்டத்தில் நிலைமை வேறு. அங்கு வாழும் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தாம் வசிக்கும் வீட்டுக்கோ அது அமைந்துள்ள நிலத்துக்கோ உரித்து இல்லை. நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது. ஆகவே தலைமுறை தலைமுறையாக உழைத்துச் சேர்த்த சேமிப்பு முழுவதும் தூக்கிச் செல்லக்கூடிய பொருட்களாகவே இருக்கின்றது. காதில் கிடக்கும் தோடு, சீதனமாக வந்த பித்தளைக் குடம், தவணை கட்டி முடித்த தையல் இயந்திரம், அலுமாரி, தொழுவத்தில் நிற்கும் பசு ஆகியவையே அக்குடும்பத்தின் வங்கிக் கணக்கு. அவை குறைந்த விலைக்குப் போகும்போது கரைவது அந்தச் சேமிப்புத்தான்.

இதற்கு வரலாறு உண்டு. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவு செய்யப்பட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறும் நாள் குறிக்கப்பட்டதும், குடும்பங்கள் ஆடு மாடுகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டன. புறப்படும் நாள் வாங்குபவருக்கும் தெரிந்திருந்தது என்பதே அந்த விலைக்குக் காரணம். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தின்போது கோதுமை மாவுக்காகவும் மரவள்ளிக்காகவும் பித்தளைப் பாத்திரங்களும் நகைகளும் கைமாறிய கதையை முதியவர்கள் இன்றும் கூறுவர்.

2022 இல் அதே நிலை மீண்டும் வந்தது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் எட்டியபோது, தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகவே இருந்தது. 2021 இல் 13.1 வீதமாக இருந்த நாட்டின் வறுமை 2022 இல் 25 வீதமாக உயர்ந்ததாகவும், தோட்டப்புற மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக்கோட்டின் கீழ் இருப்பதாகவும் உலக வங்கி மதிப்பிட்டது. அந்நாட்களில் விற்கப்பட்டவை அனைத்தும் வேண்டாத பொருட்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இங்கு ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. இத்தொழிலாளி பறிக்கும் கொழுந்து தேயிலையாகிக் கொழும்பு ஏலத்துக்குச் செல்கிறது. 1883 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் அந்த ஏலத்தில் தரகர்கள் சுவைத்துத் தரம் பிரிக்கின்றனர், பல கொள்வனவாளர்கள் போட்டியிடுகின்றனர், விலை பகிரங்கமாகின்றது. அதே சப்ரகமுவ மண்ணில் தோண்டியெடுக்கப்படும் இரத்தினக்கல்லுக்கு 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஓர் அதிகாரசபையும் அனுமதிப்பத்திர முறையும் இருக்கின்றன. இரத்தினபுரிச் சந்தையில் கல்லை ஒருவரிடம் மாத்திரம் காட்டிவிட்டு விற்பவரை அனுபவமில்லாதவர் என்பர். நான்கு பேரிடம் காட்டிய பின்னரே விலை பேசுவர். தேயிலைக்கும் கல்லுக்கும் தெரிந்த இந்தப் பாடம் பித்தளைக் குடத்துக்குக் கிடைப்பதில்லை. லயத்து வாசலுக்கு வருபவர் ஒருவரே, தராசும் அவருடையதே.

ஆகவே விற்பனைக்கு வரும் பொருட்களை மூன்றாகப் பிரித்து நோக்குவது பயனுடையது. முதலாவது வகை நிறுத்து விற்கப்படும் கழிவுப் பொருட்கள். இரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை ஆகியவற்றைக் கலந்து கொடுத்தால் மிகக் குறைந்த விலையுள்ள உலோகத்தின் கணக்கிலேயே முழுவதும் போய்விடும். வீட்டிலேயே தரம் பிரித்து, நிறுத்து, எழுதி வைத்து, பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு முச்சக்கரவண்டியில் நகரத்துக் கடைக்குக் கொண்டு சென்றால், ஒருவரது தனி வண்டிக் கூலி பலருக்குப் பங்காகி விடுகின்றது. கடைக்காரருக்கும் மொத்தமாகச் சரக்குக் கிடைப்பதால் பேரம் பேச இடமுண்டு.

இரண்டாவது வகை இன்னும் பாவிக்கக்கூடிய பொருட்கள். கட்டில், மேசை, தையல் இயந்திரம், பிள்ளை வளர்ந்தபின் மிஞ்சிய துவிச்சக்கரவண்டி போன்றவை இதில் அடங்கும். இவற்றை நிறைக்கு விற்பது பெரும் நட்டம். இவற்றுக்குரிய கொள்வனவாளர் பழைய இரும்பு வியாபாரியல்ல, அப்பொருள் தேவைப்படும் இன்னொரு குடும்பமே. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் வெள்ளத்திலும் மண்சரிவுகளிலும் கேகாலை உட்படப் பல மாவட்டங்களில் மக்கள் வீட்டுப் பொருட்களை முற்றாக இழந்தனர். புதிய பொருள் வாங்க வசதியற்ற அத்தகைய குடும்பங்களுக்கு நியாய விலையில் கிடைக்கும் நல்ல பழைய பொருள் ஒரு வரப்பிரசாதமாகும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே சில மைல் தூரமே இருந்தும் ஒருவர் மற்றவரை அறிவதில்லை. கையடக்கத் தொலைபேசி இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது. ஆயினும் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு தனித்தனி முகவரி இல்லாத நிலையில், விளம்பரத்தைப் பார்த்தவர் லயத்தைத் தேடி வருவது எளிதல்ல.

மூன்றாவது வகை, நெருக்கடியில் விற்கப்படும் பெறுமதியான பொருட்கள். இவற்றைப் பொறுத்தவரை சிறந்த விற்பனை முறை முடிந்தவரை விற்காமலிருப்பதே. 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 டொலரைத் தாண்டியது. இவ்வாறு விலை ஏறிய ஒரு பொருளை அவசரத்தில் விற்ற குடும்பம் அதே நகையை மீண்டும் வாங்குவது கடினம். மருத்துவச் செலவுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ பணம் அவசியமெனின், அரச வங்கியின் அடகுப் பிரிவை முதலில் விசாரித்து, வட்டியையும் மீட்கும் திகதியையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்கள் வட்டியில்லா முறையில் இயங்கும் நிறுவனங்களை நாடலாம். ஆனால் மீட்க வழியில்லாத அடகும் நாளடைவில் விற்பனையாகவே முடியும் என்பதையும் மறந்துவிடலாகாது.

இவ்விடயத்தில் பழைய பொருள் சேகரிப்பவரைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. தோளில் சாக்குடன் மலையேறி வருபவரும் அன்றாடங்காய்ச்சியே. அவருக்கு மேலே கடைக்காரரும் அவருக்கு மேலே கொழும்பு மொத்த வியாபாரியும் இருக்கின்றனர். மாவனெல்லை, இரத்தினபுரி, பலாங்கொடைப் பகுதிகளின் முஸ்லிம் வர்த்தகர்களும் தோட்டத் தமிழ் மக்களும் கொடுக்கல் வாங்கலால் பல தலைமுறைகளாகப் பிணைக்கப்பட்டவர்கள். இரு சாராரின் நெறி நூல்களும் இதில் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனின் 83 ஆவது அத்தியாயம் வழங்கப்படுகின்றது. வணிகர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டுமென்று திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் கூறுகின்றது. நாட்டின் சட்டமும் அவ்வாறே. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வியாபாரத் தராசுகள் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். முத்திரையைக் காட்டுமாறு கேட்பது அவமதிப்பல்ல, விற்பவரின் உரிமை. முறைப்பாடுகளுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கின்றது.

தனிமனித விழிப்பு மாத்திரம் போதுமானதல்ல. இந்தியாவின் பூனே நகரில் பழைய பொருள் சேகரிப்போர் 1993 இல் தொழிற்சங்கமாகத் திரண்டனர். பின்னர் அவர்களின் கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்து வீடு வீடாகச் சேகரிக்கும் பணியைப் பொறுப்பேற்றது. எமது தோட்டங்களில் இதற்கான அமைப்பைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கோயில் மண்டபத்திலோ சிறுவர் நிலைய முற்றத்திலோ ஒரு விற்பனை நாளை அச்சங்கங்கள் ஒழுங்கு செய்யலாம். முத்திரையிட்ட ஒரு பொதுத் தராசை வாங்கி வைக்கலாம். அன்றைய நகர விலையை வெள்ளைப் பலகையில் எழுதி, இரண்டு மூன்று கொள்வனவாளர்களை ஒரே நாளில் அழைக்கலாம். ஒருவருக்குப் பதிலாக மூவர் வந்தாலே விலை மாறும். தோட்டங்களுக்குச் சேவை வழங்க முன்னர் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டுவிட்டதால், பிரதேச சபைகள் வாகனத்தை வழங்குவதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

சில எச்சரிக்கைகளும் அவசியம். லயத்துக் கூரைத் தகரம், பழைய நீர்க்குழாய், தோட்டத்து ஆயுதங்கள் ஆகியவை கைவிடப்பட்டவை போல் தோன்றினாலும் நிர்வாகத்தின் சொத்துகளே. அவற்றை விற்ற சில நூறு ரூபாவுக்காக ஓர் இளைஞர் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேரிடலாம். கைத்தொலைபேசியை விற்குமுன் அதிலுள்ள படங்களையும் கணக்குகளையும் முற்றாக அழித்து, சிம் அட்டையைக் கழற்றி, வாங்குபவரின் கையொப்பத்துடன் துண்டொன்றைப் பெற வேண்டும். செம்புக்காக மின்கம்பிகளை எரிப்பதும், பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பதும் பிள்ளைகளின் உடலில் நஞ்சேற்றும் செயல்கள். அவற்றை முழுமையாகவே விற்றுவிட வேண்டும்.

இவை யாவும் சம்பளப் பிரச்சினைக்கு மாற்றீடு அல்ல என்பதைத் தெளிவாகக் கூறியாக வேண்டும். 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்ப்பதாக 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. வேலைநாள் குறைந்த மாதத்தில் அத்தொகையும் குடும்பத்துக்குப் போதாது என்பதைத் தொழிற்சங்கங்கள் நன்கறியும். வீட்டுக்கும் காணிக்கும் உரித்துக் கிடைக்கும் வரை தோட்டக் குடும்பத்தின் சொத்து அதன் தட்டுமுட்டுச் சாமான்களிலேயே தங்கியிருக்கும். அடுத்த சம்பள நாளில் லொறி வரும்போது, அச்சாமான்களை நிறுத்துப் பார்க்க லயத்தில் ஒரு தராசாவது இருக்க வேண்டும். அதற்கான செலவு எந்தச் சங்கத்துக்கும் பெரியதல்ல.