கெம்பஸ் கிடைக்காதவை போற இடமா?

கம்யூனிட்டி கொலேஜ் எண்டால் கெம்பஸ் கிடைக்காதவை போற இடம் எண்டுதான் நாங்களும் நினைச்சிருந்தோம். டினே கல்லூரியைப் பற்றி வாசித்த பிறகு அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டங்கண்டது.

அமெரிக்காவின் அரிசோனாவில், நவஹோ மக்களின் நிலத்தில், சேலி என்ற சிற்றூரில் இருக்கிறது அது. 1968இல் நவஹோ சமூகக் கல்லூரியாகத் தொடங்கியது. அந்நாட்டுப் பூர்வகுடி மக்கள் தாங்களே தொடங்கி நடத்திய முதல் கல்லூரி அதுதான். முதலில் இன்னொரு ஊரில், ஒரு பாடசாலைக்குள் ஒதுங்கி நடந்தது. 1973இல்தான் சேலிக்கு வந்தது.

அதுக்கு முதல் பலருக்குப் படிப்பு எண்டால் அரசாங்க விடுதிப் பாடசாலைதான். அங்க நவஹோ மொழி கதைச்ச பிள்ளைகளுக்குத் தண்டனை. அதே மொழியைத்தான் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை இரகசியச் செய்திக்குப் பயன்படுத்தியது!

அந்த மொழியையும் வரலாற்றையும் இந்தக் கல்லூரி பாடமாக்கியது. ஆசிரியர் கல்வி, பொதுச் சுகாதாரத்தோடு நெசவும் வெள்ளி வேலையும் அங்கே படிக்கலாம். இரண்டு வருடப் படிப்போடு தொடங்கிய இடம், இண்டைக்கு நான்கு வருடப் பட்டமும் கொடுக்கிறது. பணத்துக்கு இன்னமும் பெருமளவில் மத்திய அரசின் கையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் என்ன படிப்பிக்கிறது எண்டதில் அந்த மக்களுக்கு ஒரு சொல் இருக்கிறது.

ஊருக்குள்ள கட்டடம் கட்டினால் மட்டும் அது ஊர்க் கல்லூரி ஆகாது. எங்கட ஊருக்கும் கல்லூரி வேணும் எண்டு கேட்கிற நாங்கள், அங்க ஆற்ற அறிவைப் படிப்பிக்கப் போகினம் எண்டும் கேட்க வேணும்.