கொம்புக்கு மாலை; வயிற்றுக்கு?

காங்கயம் காளை என்றதும் மார் நிமிர்த்தாதவர் நம் வட்டாரத்தில் உண்டா? 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக நாடே திரண்டது. சட்டம் வந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. மகிழ்ச்சி! ஆனால், நாம் கேட்கிறோம்: வாடிவாசல் திறந்தது, மேய்ச்சல் காடு மிஞ்சியதா?

செவலைக் கன்றாய்ப் பிறந்து, சில மாதங்களில் நிறம் மாறி வளரும் இனம் இது. கவலை இழுத்து நீர் இறைத்தது, வண்டி இழுத்தது, வறண்ட செம்மண்ணை உழுதது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தேர்ந்தெடுத்து வளர்த்துப் புகழ் சேர்த்தார். அவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. மந்தை மேய்த்தவன் பெயர், சாணி அள்ளியவள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

பம்புசெட்டு வந்தது, கவலை நின்றது. டிராக்டர் வந்தது, ஏர் ஒதுங்கியது. இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. மனிதனின் முதுகுச் சுமையையும் அதுதானே இறக்கியது! ஆனால், வேலை போன மாட்டுக்குத் தீனி எங்கே? பால் கணக்கில் கலப்பினப் பசுவோடு போட்டியிட இதனால் முடியாது. ஆகவே, ‘லாபமில்லை, தள்ளு’ என்கிறார்கள். ராயபுரத்துப் பனியன் தொழிலாளிக்கு இந்தக் குரல் புதிதா? உழைத்து ஓய்ந்தவனைப் பார்த்து முதலாளி சொல்வதும் இதுதானே!

இந்த மாட்டின் உயிர்நிலை கொரங்காடு. முள்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். மழை குறைந்தாலும் மந்தையைக் காக்கும் ஏற்பாடு அது. அந்தக் காடு இன்று மனைக்கல் நட்டு விற்கப்படுகிறது. நொய்யலோ, நம் தொழிலின் சாயக்கழிவால் கறுத்தது. பாசனத்துக்காக 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியானது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே பலருக்குக் கண் திறந்தது. புல்லையும் நீரையும் பறித்துவிட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் மாலை போடுவது பாசமா, பாசாங்கா?

பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை நாம். கொரங்காட்டை மனையாக்காமல் காக்கட்டும் அரசு. நாட்டு மாடு வளர்க்கும் சிறு விவசாயிக்குத் தீவனத்துக்கு உதவித்தொகை தரட்டும். பாலுக்குத் தகுந்த விலை கிடைக்கட்டும். காளையை மட்டும் போற்றினால் போதாது. பசு இருந்தால்தான் நாளைக்குக் காளை!

தோழர்களே! சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கன்றைப் பிடித்து நிற்கும் விவசாயியிடம் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மேய்க்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலைக் கிளைக் கூட்டத்தில் வையுங்கள். அவன் கோரிக்கை நம் கோரிக்கையாகட்டும்!