வேலூர்க் கோட்டை தரும் பாடம்

வேலூருக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கிறார்கள், அகழியைப் பார்க்கிறார்கள், கோயில் மண்டபத்துத் தூண்களைப் பார்த்து வியக்கிறார்கள், வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்! அந்தக் கற்களின் மேல் சிந்திய குருதி யாருடையது என்று கேட்டவர் எத்தனை பேர்?

விசயநகர ஆட்சியில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை அது. பீசப்பூர் சுல்தான் பிடித்தான், மராட்டியன் பிடித்தான், நவாபு பிடித்தான், கடைசியில் கும்பினியான் வந்து குந்தினான். ஆண்டவர்கள் மாறினார்கள், தோழர்களே! வாசலில் காவல் நின்றவன் மட்டும் எந்நாளும் ஏழை வீட்டுப் பிள்ளை!

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்திலே மாண்டார். அவர் மக்களைக் கொண்டுவந்து அடைத்த இடம் இந்தக் கோட்டை. காவலுக்கு வெள்ளையரின் 69-ஆம் பட்டாளத்தில் நான்கு கம்பெனிகள்; நம் சிப்பாய்கள் மூன்று பட்டாளம்.

1805 நவம்பரில் வந்தது ஓர் ஆணை. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும்! ஆணை, தளபதி கிராடக்குடையது. ஒப்புதல், கவர்னர் பெண்டிங்குடையது. உழைப்பை வாங்கியவன் உடலையும் வாங்கிவிட்டதாக நினைத்தான்!

1806 மே மாதம் சிப்பாய்கள் மறுத்தார்கள். மறுத்தவர்களைச் சென்னைக்கு இழுத்துச் சென்றார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் கசையடி, வேலையும் போயிற்று. வாயால் சொன்ன குறைக்குச் சவுக்கால் விடை சொன்னான் வெள்ளையன். சவுக்குக்கு விடை சூலை 10-ஆம் நாள் விடியுமுன் வந்தது.

அதிகாரிகள் 14 பேர், வெள்ளைச் சிப்பாய்கள் 115 பேர் மாண்டனர். உறங்கியவரும் நோயாளிகளும் அவர்களுள் உண்டு. அதை வீரம் என்று நாம் பாடவில்லை. சவுக்கு எதை விளைவிக்கும் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறோம். கோட்டையிலே மைசூரின் புலிக்கொடி ஏறிற்று.

ஏறிய கொடி நண்பகல் வரை நிற்கவில்லை! ஏன்? வென்றவர்களிற் பலர் கொள்ளையில் இறங்கினார்கள். வாசல்களுக்கு முறையான காவல் இல்லை. கட்டளையிட ஒரு தலைமை இல்லை. ஆர்க்காடு பதினாறு கல் தொலைவுதான். கில்லெசுபி குதிரைப் படையோடு பறந்து வந்தான். பீரங்கியால் கதவைப் பிளந்தான். சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மாண்ட சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர். விசாரணைக்குப் பின் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டவர் 6 பேர். சுடப்பட்டவர் 5 பேர். தூக்கிலே தொங்கியவர் 8 பேர். கடல் கடத்தப்பட்டவர் 5 பேர். மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன.

அப்படியானால் வீண்தானா? இல்லை! தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் பெண்டிங்கும் தாயகத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். பெயர் தெரியாத சிப்பாய், கவர்னரைக் கப்பலேற்றினான்!

கில்லெசுபிக்கு இலண்டன் செயின்ட் பால் தேவாலயத்திலே சிலை இருக்கிறது. நம் சிப்பாய்களுக்கு வேலூரிலே ஒரு நினைவுத்தூண். 2006-இல் ஓர் அஞ்சல் தலை. விடுதலைப் போரின் முதல் பக்கம் 1857 என்கிறார்களே, அதற்கு 51 ஆண்டுகள் முன்பே வேலூரில் எழுதப்பட்ட பக்கத்தைக் கிழித்தது யார் என்று நாம் கேட்க வேண்டாமா?

கேட்போம், கேட்பதோடு நில்லோம். மானம் இருந்தது அவர்களிடம், துணிவு இருந்தது, இந்துவும் முஸ்லிமும் ஒன்றாய் நின்ற ஒற்றுமை இருந்தது. கட்டுப்பாடு இல்லை, காலையில் வென்றதை மாலைவரை காக்கும் அமைப்பு இல்லை. ஆலை வாசலில் நிற்கும் தோழனே, அடுத்தமுறை வேலூருக்குப் போனால், அகழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே; அந்த வாசலருகே ஒரு நிமிடம் நில். ஆத்திரம் கோட்டையைப் பிடிக்கும்; கட்டுப்பாடுதான் அதைக் காக்கும்!