அரை அடி மணல்

பிக்கப் வண்டிக்கு டிப்பர் போட நினைப்பவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "தூக்குமா?" தூக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். இந்த வேலையிலேயே சுலபமானது தூக்குவதுதான்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். எட்டடி நீளத் தொட்டியில் ஒரு டன் மணல். பின்பக்கக் கீலை வைத்து 45 டிகிரிக்கு முன்பக்கத்தை உயர்த்தினால், பாரத்தின் நடுப்புள்ளி ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் மேலே போகிறது. அதற்குச் செலவாகும் சக்தி ஏறக்குறைய இரண்டு கிலோ கலோரி. ஒரு மாரி பிஸ்கெட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதே மணலை மம்பட்டியால் தள்ளுகிறவருக்கு ஒரு பிஸ்கெட் போதாது. ஒவ்வொரு தள்ளுக்கும் அவர் தன் உடம்பையும் சேர்த்து வளைத்து நிமிர்த்துகிறார், அந்தக் கூலி மணலுக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஜாக்கியும் அப்படித்தான். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் 150 பார் அழுத்தத்தில் எண்ணெயை ஏற்றினால் நாலரை டன்னுக்கு மேல் தள்ளும். எண்ணெயை ஏற்றும் பம்ப்பை வண்டியின் 12 வோல்ட் பேட்டரியே ஓட்டிவிடும். ஒரு சிக்கல் உண்டு: தொட்டி படுத்திருக்கும்போது ஜாக்கியும் அதற்கடியில் கிட்டத்தட்டப் படுத்துத்தான் இருக்கும். அது 15 டிகிரி சாய்ந்திருந்தால், தள்ளுவதில் கால் பங்குதான் மேல்நோக்கி வேலை செய்யும், பெரும்பகுதி சேசிஸை நீளவாக்கில் நெட்டித் தள்ளும். முதல் அரை அடி எழும்பும்வரை முனகுகிற டிப்பர் அப்புறம் சல்லென்று ஏறுவது இதனால்தான். ஜாக்கி நிமிர்ந்து நிற்க இடம் வேண்டுமென்று சேசிஸுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு துணைச் சட்டம் வைப்பார்கள். தொட்டி அந்த அளவுக்கு உயர்ந்துபோகும், வளைவில் வண்டி ஆடுவதும் கூடும்.

இந்த ஜாக்கி யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1911இல் அமெரிக்காவில் கார் வுட் என்பவர் நிலக்கரி இறக்குவதற்கு ஹைட்ராலிக் தூக்கியைக் கண்டுபிடித்தார். அதில் சம்பாதித்த பணத்தைக் கொட்டிப் பந்தயப் படகு கட்டினார். 1931இல் தண்ணீரில் மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். கரி கொட்டும் தொழிலில் இவ்வளவு காசா என்று எனக்கு இன்னும் வியப்பு.

சங்ககிரிப் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு என் சித்தப்பாவோடு போயிருந்தேன். அவருக்கு ஒரு பழைய பிக்கப் இருக்கிறது, தக்காளிக் கூடை ஏற்றுவார். அதில் எருவும் அடிக்கலாம், வீடு கட்டுகிற மகனுக்கு எம் சாண்டும் கொண்டுவரலாம், இறக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை, டிப்பர் போட்டுவிடலாம் என்பது திட்டம். வழக்கமான கேள்வியைக் கேட்டார். பட்டறைக்காரர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: "தூக்கறது இருக்கட்டுங்கய்யா. என்ன ஏத்தப் போறீங்க, எவ்வளவு ஏத்தப் போறீங்க?"

அவர் டேப்பை நீட்டித் தொட்டியை அளந்தார். எட்டடி நீளம், ஐந்தரை அடி அகலம். ஒரு அடி உயரத்துக்கு நிரப்பினால் 44 கன அடி. ஒரு கன அடி மணல் ஏறக்குறைய 45 கிலோ. ஈரமென்றால் இன்னும் கூடும். ஆக ஒரு அடி மணல் இரண்டு டன். வண்டிக்கு ஆர்.சி.யில் உள்ள பாரம் 1,300 கிலோ. ஜாக்கி, பம்ப், துணைச் சட்டம், புது இரும்புத் தரை இவற்றுக்கே இருநூறு கிலோவுக்கு மேல் போய்விடும். மிச்சத்துக்கு ஏற்றக்கூடியது தரையிலிருந்து அரை அடி மணல், அவ்வளவுதான். யூனிட் கணக்கில் கால் யூனிட்டைத் தொடாது.

அரை அடி மணலோடு ரோட்டில் போகும் பிக்கப்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. தொட்டியில் பெரும்பகுதி காலியாகக் கிடந்தால் மணல் போடுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் கை சும்மா இருக்காது. தக்காளி ஏற்றுகிறபோது இடம்தான் முதலில் தீரும், மணலில் பாரம் முதலில் தீர்ந்துவிடும், அது கண்ணுக்குத் தெரியாது. ஆள் விட்டு இறக்கிய காலத்தில், இரண்டு டன்னை இறக்க வேண்டுமே என்ற மலைப்பே ஒரு கடிவாளமாக இருந்தது. பொத்தானை அமுக்கினால் கொட்டிவிடும் என்றானபின் அந்த மலைப்பும் இல்லை. டிப்பர் போடுவதில் உண்மையான ஆபத்து இதுதான் என்பது என் கட்சி.

தூக்கத் தொடங்கியதும் அத்தனை பாரமும் ஜாக்கியிலும் பின்கீலிலும் வந்து உட்காரும். தரை சமமாக இருந்தால் பரவாயில்லை. உழுத காட்டில் ஒரு பக்கச் சக்கரம் நாலு விரல் பதிந்தாலும் உயர்ந்த தொட்டி அந்தப் பக்கமே இழுக்கும். காய்ந்த மணல் 35 டிகிரியிலேயே சரியத் தொடங்கும். ஈர எரு அப்படி இல்லை. தொட்டியின் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாரம் முழுக்க உச்சியில் இருக்க, பின்னால் காலி. இந்த நிலையில் வண்டி எளிதில் கவிழும். எருவை மம்பட்டியால் இடித்துவிடலாம் என்று தூக்கிய தொட்டியில் ஏறுவதும், எண்ணெய்க் குழாய் ஒழுகுகிறதா என்று முட்டுக் கொடுக்காமல் அடியில் தலையை நீட்டுவதும் உயிரோடு விளையாட்டு. தொட்டியின் முன்விளிம்பு பத்தடி உயரம் போகும். காட்டுக்குள் தொய்ந்து தொங்கும் மின்கம்பிகளுக்கு அது போதும்.

பின்கதவையும் மாற்ற வேண்டும். பிக்கப்பின் கதவு கீழே கீல் போட்டு வெளியே விழுகிற கதவு. டிப்பருக்கு மேலே கீல் வைத்துக் கீழ்ப்பக்கம் திறக்க வேண்டும். இது தச்சு வேலை மாதிரி, யார் வேண்டுமானாலும் செய்வார்கள்.

சட்டத்தை யாராலும் அப்படிச் சமாளிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். இது தவிர எஃப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் அவரைவிட நுணுக்கமாகப் பார்ப்பார்கள்.

"ஆர்.டி.ஓ. அனுமதியைக் கொண்டாங்க, அப்புறம் வெல்டிங் மெசினைத் தொடறேன்" என்று பட்டறைக்காரர் முடித்துவிட்டார். சொந்த வரும்படியைக் கெடுத்துக்கொண்டு இப்படிப் பேசுகிற ஆட்களும் இருக்கிறார்கள். குறுகலான சந்துகளுக்குள் தினமும் எம் சாண்டும் ஜல்லியும் கொண்டுபோய்க் கொட்டுகிற ஆளாக இருந்தால், டிப்பராகவே பதிவாகி வரும் சிறு வண்டியை வாங்குங்கள் என்றும் சொன்னார். அதற்குச் சேசிஸ், ஸ்பிரிங் பட்டை, தொட்டி உயரம் எல்லாம் பாரத்துக்குத் தக்கபடி இருக்கும்.

சித்தப்பாவுக்குக் கோபம்தான். திரும்பி வரும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தபின் விரல் விட்டு எண்ணினார். எரு அடிப்பது ஆடிப் பட்டத்துக்கு முன்னால் ஒரு தரம். வீடு ஒருதரம் கட்டினால் முடிந்தது. "பக்கத்துத் தோட்டத்துல டிராக்டருக்கு டிப்பிங் டிரெய்லர் நிக்குது, நடைக்கு என்ன கேக்கறான்னு விசாரி" என்றார் என்னிடம்.