பீரோவுக்குள் பூட்டிய ‘நான்’

‘தன்னைக் கண்டடைதல்’, ‘அகத்தேடல்’ என்று நாடக விமர்சகர்கள் நீட்டி முழக்குகிறார்கள். தோழர்களே, எது அகத்தில் கிடக்கிறது?

ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் ஜேன் ஹாரிசன் எழுதிய ‘ஸ்டோலன்’ நாடகம் 1998இல் மெல்போர்னில் மேடையேறியது. தாய்மாரிடமிருந்து அரசாங்கம் பிடுங்கிக்கொண்டுபோன ஐந்து பிள்ளைகளின் கதை. ஜிம்மியிடம் ‘உன் அம்மா செத்துட்டா’ என்றார்கள். அவள் எழுதிய கடிதங்களோ இல்லத்துப் பீரோவில். அவள் உயிரோடிருப்பது தெரிந்து, பார்ப்பதற்குள் செத்துப்போகிறாள். அவன் சிறையில் தூக்கில் தொங்குகிறான். வெள்ளைக்காரர் வீட்டில் வளர்ந்த ஆனுக்கோ, வளர்த்தவர்கள் வாய்திறந்த பிறகுதான் தான் யாரென்றே தெரிகிறது. இதில் ஆன்மீகம் எங்கே வந்தது? அவர்களுடைய ‘நான்’ அரசாங்கக் கோப்பில் கிடந்தது.

நம்ம கதை வேற மாதிரி. மல்லாங்கிணற்றில் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போகிற பையனிடம் பெத்த தாயே சொல்லி அனுப்புகிறாள்: ‘எந்தத் தெருன்னு கேட்டா சொல்லாதய்யா.’ அங்கே பிள்ளைக்குத் தாயை மறைத்தது அரசு. இங்கே தாயை மறைக்கிற வேலையையே பிள்ளை தலையில் கட்டிவிட்டது சாதி. அவனைக் கோழை என்று திட்டுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பயம் அவன் உண்டாக்கியதா?

நாடகக்காரர் கே.ஏ. குணசேகரன் 2005இல் ‘வடு’ எழுதித் தன் கோப்பைத் தானே திறந்தார். ‘ஸ்டோலன்’ முடிவில் நடிகர்கள் வேஷத்தைக் கழற்றிவிட்டுச் சொந்தக் கதையைச் சொன்னார்கள். நம்ம பிள்ளைகளும் மேடையில் நின்று சொல்லட்டும். அப்போது விமர்சகர் ‘அகத்தேடல்’ என்பாரா, ‘தம்பி, நீங்க எந்தத் தெரு?’ என்று கேட்பாரா?