உபாத்தியாயர் பட்டத்தின் விலை

உயர்நிலைப் பள்ளியில் போதிக்க விரும்புகிறவர் பி.எட். பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. முன்னாளில் எல்.டி. என்றும் பி.டி. என்றும் வழங்கியதற்கு இன்றைய பெயர் அது. ஓராண்டாயிருந்த இப்படிப்பை, தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்ஸில் 2014-ம் வருஷத்து விதிகளினால் ஈராண்டாக்கிற்று. 2015 முதல் அதுவே நடைமுறை. இதை நாம் குறை கூற வரவில்லை. அரைகுறைப் பயிற்சியோடு நாற்பது குழந்தைகளை ஒருவரிடம் ஒப்படைப்பது தகாது. ஆனால், கூடிய அந்த ஓராண்டின் செலவு யார் தலையில் விழுந்தது?

தமிழ்நாட்டில் சர்க்கார் கல்வியியல் கல்லூரிகள் ஏழே ஏழு. சர்க்கார் உதவி பெறுபவை 14. எல்லாம் சேர்ந்து சுமார் 2,000 பேருக்குத்தான் இடம். அவ்விடம் கிடைத்தவருக்குச் செலவு சில ஆயிரங்களோடு போயிற்று. மற்றவர் அனைவரும் நாடுவது நூற்றுக்கணக்கான சுயநிதிக் கல்லூரிகளை. அங்கே கமிட்டி நிர்ணயித்த கட்டணம் ஒன்று, கையில் வாங்குவது வேறொன்று என்பது ஊரறிந்த சங்கதி. வகுப்புக்கே வராதவருக்குத் தனி விலை கூறும் கல்லூரிகளும் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு எங்கோ ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டே பட்டம் பெறுகிற பிள்ளையிடம் நமக்குக் கோபமில்லை. அவன் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டுமே! அவனது வறுமையை வியாபாரமாக்கியவர்களைத்தான் கேட்கிறோம்.

வேறு வழியில்லையா என்பீர்கள். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் ஈராண்டுக்குமாகச் சுமார் 55,000 ரூபாயில் முடிக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றவருக்கே அந்தக் கதவு திறக்கும். பள்ளியிறுதி முடித்தவுடன் நாலாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேர்ந்தால் ஓராண்டு மிச்சம். மைசூர் பிராந்தியக் கல்வி நிலையம் இத்தகைய படிப்புக்குப் பேர்போனது. ஆயினும் இடங்கள் கொஞ்சம். நம் கிராமத்துப் பெண்ணுக்கு மைசூர் எட்டாத தூரம்.

பட்டம் பெற்றபின்னும் சர்க்கார் பள்ளியில் நுழையத் தகுதித் தேர்வு, அதன்மேல் நியமனப் போட்டித் தேர்வு என இரண்டு படிகள். பி.எட். ஆரம்ப வகுப்புகளுக்குத் தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததால் அவ்வழியும் அடைபட்டது. குழந்தைகளின் நன்மை கருதிய அத்தீர்ப்பு நியாயமானதே. எனினும், கடன் வாங்கிப் படித்தவர் தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளியில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்.

நாம் கேட்பது பெரிதல்ல. இப்படிப்பில் 16 வாரம் பள்ளியிலேயே தங்கிப் போதிக்க வேண்டும் என்பது விதி. உபாத்தியாயர் இல்லாத வகுப்புகளை இப்பயிற்சி மாணவர்களே தாங்கும் பள்ளிகள் உண்டு. வைத்தியப் படிப்பு முடித்து ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறுகிறவருக்குச் சர்க்கார் மாதந்தோறும் உதவித்தொகை தருகிறதே. பள்ளிக்கூடத்தில் உழைக்கிறவருக்கு மட்டும் ஏன் வெறுங்கை? அடுத்த பட்ஜெட்டில் இதற்கென ஒரு தொகை ஒதுக்க வேண்டும். சர்க்கார் கல்லூரி இடங்களை இருமடங்காக்க வேண்டும். பட்ஜெட் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடிய காரியமும் ஒன்றுண்டு. ஆசிரியர் கல்வியியல் பல்கலைக் கழகத்து அதிகாரிகள், முன்னறிவிப்பின்றி ஒரு திங்கட்கிழமை காலையில் இக்கல்லூரிகளுக்குச் சென்று, வருகைப் பதிவேட்டிலுள்ள பெயர்களையும் பெஞ்சுகளில் உள்ள தலைகளையும் எண்ணிப் பார்க்கட்டும்.